கூத்தைக் குறை சொல்லுமுன்

நம் சங்க மலர்களில் கலை விமர்சனம் என்று வருபவை பெரும்பாலும் இரண்டே வகை. "அரங்கம் அதிர்ந்தது" என்பது ஒன்று; "முன்போல இல்லை" என்பது மற்றொன்று. இரண்டையும் எழுத நிகழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை!

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தை எடுத்துக்கொள்வோம். ஷொர்ணூர் அருகே கூனத்தறை போன்ற ஊர்களைச் சேர்ந்த புலவர்கள், ஜனவரி முதல் மே வரை பகவதி கோயில் கூத்துமாடங்களில் இரவெல்லாம் கம்பராமாயணம் நடத்துகிறார்கள். 7, 14, 21 இரவுகள் எனக் கோயிலுக்குக் கோயில் கணக்கு வேறுபடும். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள். பாட்டு கம்பனுடைய தமிழ். பொருள் சொல்வது தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த பேச்சு. இதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் சொல்வதென்ன? "உச்சரிப்பு சரியில்லை, பாவை அசையவே இல்லை, நடுநிசிக்கு மேல் பார்க்க ஆளே இல்லை."

ரயில்வேயில் பாலங்களைப் பரிசோதித்துப் பழகியவன் நான். எந்தப் பாரத்துக்குக் கட்டியது என்று டிராயிங்கைப் பார்த்த பிறகே பாலத்தில் குறை தேடுவோம். இந்தக் கூத்தின் டிராயிங் என்ன? ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளுக்குக் காட்டவே கூத்து என்பது ஐதீகம். ஆக, முற்றம் காலியாக இருப்பது குறையே அல்ல. பாவை அசையாமல் நிற்பதும் அப்படித்தான். அப்போது புலவர் ஒரே பாட்டைப் பதம் பதமாகப் பிரித்து, கிளைக்கதைகளோடு விரித்துக்கொண்டிருப்பார். விமர்சகன் அங்கேதான் காது கொடுக்க வேண்டும். விளக்கம் பாட்டோடு ஒட்டுகிறதா? கிளைக்கதை திரும்பி வந்து சேர்கிறதா, வழியிலேயே நின்றுவிடுகிறதா? உச்சரிப்பு மலையாள வாடையோடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சொல் மாறிப் பொருள் கெட்டால், புத்தகத்தோடு ஒப்பிட்டு அந்தப் பாட்டையே குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

மேடைக் கூத்து வேறு விஷயம். 2000-இல் காலமான கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டு சென்றார். அவர் மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த முயற்சி இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திராது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கும்போது சண்டை நிற்கிறது, விளக்கம் போய்விடுகிறது. கம்பனே பாதி போய்விடுகிறான் என்பேன். அங்கே பார்வையாளர் நாம்தான். வேகம், ஒலிபெருக்கி, பாவையின் அசைவு எல்லாவற்றையும் தாராளமாகக் குறை சொல்லலாம்.

சுப்புடுவின் (1917–2007) காரத்தை மட்டும் நம்மவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவர் ஆர்மோனியம் வாசித்தவர், ராகம் தெரிந்து திட்டியவர் என்பது மறந்துவிடுகிறது.

அடுத்த கூத்துக் காலத்தில் மூணாறு, பீர்மேடு பக்கத்து அன்பர்களும் ஓர் இரவு வாருங்கள். கம்பராமாயணத்தை யுத்த காண்டமாவது கையோடு எடுத்து வாருங்கள். விடியும்வரை உட்கார்ந்திருந்து, சந்தேகத்தைப் புலவரிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள்.