விபத்துக்கு யார் காசு கொடுக்கணுமோ, அவங்கதான் விபத்தைத் தடுப்பாங்க!

நம்ம புளியந்தோப்பு சென்னை மாநகராட்சியின் 6ஆவது மண்டலத்தில் வருது. மண்டலத்தின் பெயர் திரு.வி.க. நகர். 1918-ல் பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் திரு.வி.க. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்தது நம்ம பெரம்பூர் பக்கத்துலதான்.

அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் மண்டலத்தையும், பக்கத்து ராயபுரம் மண்டலத்தையும்தான் 2025-ல் தூய்மைப் பணிக்காகத் தனியார் கையில் கொடுத்தாங்க. அதை எதிர்த்து நம்ம அக்காக்களும் அண்ணன்களும் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தாங்க. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவங்களை அப்புறப்படுத்தியது. பணி நிரந்தரம், சம்பளம் பற்றி நிறைய பேசியிருக்கோம், இன்னும் பேசுவோம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும்:

வேலையில் அடிபட்டா யார் பொறுப்பு?

போராட்டத்தைக் கலைத்த மறுநாளே அமைச்சரவை கூடி, பணியின்போது இறக்கும் தூய்மைப் பணியாளர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்னு அறிவிச்சாங்க. கொடுக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா அது ஆள் போன பிறகு வர்ற காசு.

ஒன்பதே நாள்தான். ஆகஸ்ட் 23 விடியற்காலை, கண்ணகி நகரில் வேலைக்கு வந்த ஒரு தூய்மைப் பணியாளர் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணியில் கால் வைத்தார். மின்சாரம் பாய்ந்து அந்த இடத்திலேயே இறந்தார். மின்வாரியமும் ஒப்பந்த நிறுவனமும் சேர்ந்து 20 லட்சம் கொடுத்தாங்க. அந்தக் கேபிளை முந்தின நாளே சரி செய்ய எவ்வளவு ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு சேஃப்டி பாடத்தின் முதல் பக்கம் ஞாபகம் இருக்கும். முதலில் ஆபத்தையே அந்த இடத்திலிருந்து அகற்று. முடியலைன்னா மனுஷனுக்கும் ஆபத்துக்கும் நடுவில் தடுப்பு வை. எல்லாம் செய்த பிறகு கடைசியாகத்தான் கையுறை, ஷூ. நம்ம ஊரில் தலைகீழ். கையுறையோட போட்டோ எடுத்தா பாதுகாப்பு முடிஞ்சது. அந்தக் கையுறை கிழிஞ்ச பிறகு அடுத்தது எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது.

ஏன் இப்படி? விபத்தோட பில் யார் மேசைக்குப் போகுதுன்னு தெளிவா இல்லாததாலதான். மாநகராட்சியைக் கேட்டா "கான்ட்ராக்டரைக் கேளுங்க". கான்ட்ராக்டரைக் கேட்டா "மின்வாரியத்தைக் கேளுங்க". பில் யாருக்கும் இல்லைன்னா தடுக்கிற அக்கறையும் யாருக்கும் வராது.

சட்டம் இதுல தெளிவாத்தான் இருந்திருக்கு. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, கான்ட்ராக்டர் வெச்ச ஆளுக்கு அடிபட்டாலும் வேலையைக் கொடுத்தவர்தான் இழப்பீடு தரணும், பிறகு கான்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கலாம்னு சொன்னது. இ.எஸ்.ஐ. சட்டமும் கான்ட்ராக்ட் தொழிலாளியின் சந்தாவுக்கு முதன்மை முதலாளியைத்தான் பொறுப்பாக்கியது. இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த முதல் நாளே வேலையில் அடிபட்டாலும் உரிமை உண்டு. இறந்துட்டா குடும்பத்துக்கு மாசாமாசம் உதவித்தொகை வரும். அது யாரோ மனசு இரங்கிக் கொடுக்கிற நிவாரணம் இல்லை, நாம கட்டின பணத்துக்கான உரிமை.

பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தால் 10 லட்சம்னு 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தொகை மூணு மடங்கு ஏறிச்சு. சாவு நின்னுச்சா?

வெளியூர்ல ஒரு பாடம் இருக்கு. 1980-களில் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறியபோது, பல சின்ன நகராட்சிகள் ஒன்று சேர்ந்து தங்களுக்கான பொது நிதியை உருவாக்கின. விபத்து நடந்தால் எல்லோருடைய பணமும் போகும். அதனால் அந்த நிதியே பயிற்சி கொடுக்குது, பாதுகாப்பை நேரில் வந்து பார்க்குது. நம்ம சீட்டு மாதிரிதான்: ஒருத்தர் ஏமாத்தினா எல்லாருக்கும் நஷ்டம், அதனால எல்லாரும் கண் வெச்சிருப்பாங்க. தமிழ்நாட்டு மாநகராட்சிகளும் நகராட்சிகளும் சேர்ந்து இதைச் செய்ய என்ன தடை?

நம்ம கோரிக்கை நாலே நாலு:

1. அடிபட்டா முதல் பொறுப்பு மாநகராட்சிக்குன்னு எழுத்தில் அறிவிக்கணும்.
2. எல்லாருக்கும் இ.எஸ்.ஐ. எண் இருக்குன்னு பார்த்த பிறகே கான்ட்ராக்டர் பில்லை பாஸ் பண்ணணும்.
3. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒவ்வொரு வார்டிலும் மின்வாரியத்தோட சேர்ந்து பில்லர் பாக்ஸ், கேபிள் எல்லாத்தையும் சோதிக்கணும். தண்ணி தேங்கின தெருவில் கரண்ட் இல்லைன்னு உறுதியான பிறகே ஆளை இறக்கணும்.
4. நடந்த விபத்தையும், தப்பிச்ச விபத்தையும் மண்டல வாரியாக மாசாமாசம் வெளியிடணும்.

தோழர்களே, லைக் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. நாளைக்குக் காலையில் உங்க தெருவுக்கு வர்ற அக்காகிட்ட மூணு கேள்வி கேளுங்க. இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா? சம்பள ரசீது கையில் வருதா? கையுறையும் ஷூவும் கடைசியா எப்போ கொடுத்தாங்க? பேரைப் போடாதீங்க, போட்டோ எடுக்காதீங்க, அவங்க வேலைக்கு ஆபத்தாகும். பதிலை மட்டும் வட்டப் பொறுப்பாளரிடம் கொடுங்க. ஏரியா சபையில் கவுன்சிலர் முன்னாடி வைப்போம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, ஒப்பந்தத்தில் பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் என்ன எழுதியிருக்குன்னு கேட்போம்.

இன்னொன்னு, இது நம்ம வீட்டு வேலை: உடைஞ்ச கண்ணாடி, ஊசி, பிளேடை காகிதத்தில் சுத்தி, தனியா கையில் கொடுங்க. நாம கவர்ல போட்டுக் கட்டி எறியறது அவங்க உள்ளங்கையிலதான் போய்க் குத்துது.

மழை வரப்போகுது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணியில் முதலில் இறங்கப் போறது அவங்கதான். அதுக்கு முன்னாடி நாம கேட்டுடணும்.

#அடிபட்டா_யார்_பொறுப்பு
#புளியந்தோப்பு