இறங்கச் சொன்னவர்கள் இப்போது ஏறச் சொல்கிறார்கள்

சைக்கிளில் ஆபீசுக்கு வாருங்கள் என்கிறார்கள். பெட்ரோல் மிச்சம், புகை இல்லை, சர்க்கரை வியாதி அண்டாது, செக்காலை ரோட்டில் நெரிசல் குறையும். எல்லாம் சரிதான், நான் ஒன்றையும் மறுக்கவில்லை. ஜூன் 3ஆம் தேதியை உலக சைக்கிள் நாள் என்று 2018இல் ஐ.நா. சபை அறிவித்தாலும் அறிவித்தது, ஊருக்கு ஊர் பேரணி. கார் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கி, ஒரே நிறத்தில் பனியன் மாட்டி, இரண்டு கிலோமீட்டர் மிதித்து, போட்டோ பிடித்துக்கொண்டு, மறுபடியும் காரில் கட்டி வீட்டுக்குப் போகிற பேரணி. பூமியைக் காப்பாத்தப் போறாங்களாம். ரோட்டோரத்தில் நின்று அதை வேடிக்கை பார்க்கிற மூட்டை தூக்கும் தொழிலாளி, தன் பழைய ஹெர்குலிஸைக் கையில் பிடித்தபடிதான் நிற்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நாற்பது வருசமா பூமியைக் காப்பாத்திக்கிட்டு இருக்கிறவரு அவருதானேய்யா?

யாரைப் பார்த்து யார் சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

காரைக்குடி அன்றைக்கு இராமநாதபுரம் ஜில்லா. (சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்.) அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். தங்கம் வெள்ளி அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் நாசமாயின, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. அதில் ஒன்று, ஆதிதிராவிடர் எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது. கல்யாண ஊர்வலம் போக வேண்டுமா, வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக்கொள். இதெல்லாம் நாம் கட்டிய கதை இல்லை தோழர்களே. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்ற ஹட்டன் என்ற வெள்ளைக்காரர் தன் 'இந்தியாவில் சாதி' நூலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு 1949. இங்கே பக்கத்தில் இருக்கிற பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து சைக்கிள் கம்பெனி தொடங்கியது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அப்படித்தான் நம் ஊர்களுக்கு வந்தன. தடை போட்டவர்கள் வேறு, சைக்கிள் செய்தவர்கள் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செட்டிநாட்டுப் பணத்தில் செய்த சைக்கிளை நாம் செட்டிநாட்டுத் தெருவில் ஓட்ட முடிந்ததா? எங்க தாத்தா பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். சேரியிலிருந்து ஊர்த்தெரு முடிகிறவரை உருட்டிக்கொண்டே போக வேண்டும், செருப்பைக் கழற்றிக் கேரியரில் மாட்டிக்கொண்டு. கண்மாய்க்கரை வந்த பிறகுதான் ஏறலாம். "உருட்டிக்கிட்டுப் போறதுக்கு எதுக்குய்யா சைக்கிளு, ஒரு கன்னுக்குட்டிய வாங்கி ஓட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல" என்று அப்பத்தா கேட்டுச்சாம்.

பழங்கதை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. பொது இடத்தில் தலித்தோ பழங்குடியோ சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம் என்று அதில் ஒரு பிரிவு. சைக்கிள் என்ற சொல்லையே சட்டத்தில் எழுத வேண்டியிருந்திருக்கிறது, அதுவும் இந்த நூற்றாண்டில்! எழுதிய பிறகு? 2025 பிப்ரவரியில் நம் மாவட்டத்திலேயே, மானாமதுரைப் பக்கம் மேலப்பிடாவூரில், கல்லூரியில் படிக்கிற தலித் மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்றது குடும்பம். எந்தக் கை ஹேண்டில் பாரைப் பிடித்ததோ அந்தக் கை. 1931 ஜூனுக்கும் 2025 பிப்ரவரிக்கும் எத்தனை மைல் தூரம், சொல்லுங்கள்.

இந்தத் தூரத்தைக் கடக்காமல், சைக்கிளில் வா என்று கூப்பிடுகிறவர்களின் குரல் என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

நான் வங்கியில் கிளார்க். தினம் ஆறேழு கிலோமீட்டர் சைக்கிளில்தான் வருகிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது, பாதிக் கவிதை மிதிக்கும்போதுதான் வரும். வங்கி ஊழியர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால் அதில் சைக்கிள் அலவன்ஸ் என்று ஒன்று உண்டு. யாருக்கு? வெளிவேலைக்குப் போகிற கடைநிலை ஊழியருக்கு. அதிகாரிகளுக்கு லிட்டர் கணக்கில் பெட்ரோல் காசு. ஆக, சைக்கிள் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. முன்பு நான் வேலை பார்த்த கிளையில் ஒரு மேலதிகாரி கூப்பிட்டு நல்லவிதமாகவே சொன்னார்: "ஸ்டாப் லோன்தான் இருக்கே சார், ஒரு வண்டி எடுத்துக்கங்க. பியூன் மாதிரி சைக்கிள்ல வந்து எறங்குறீங்க, கஸ்டமர் என்ன நெனைப்பாங்க?" அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை கியர் சைக்கிளில் குன்றக்குடி வரை போய் வருவார். திங்கட்கிழமை பூராவும் அந்தப் பேச்சுதான். அவர் மிதித்தால் ஆரோக்கியம், நான் மிதித்தால் தரித்திரம். கோட்டாவில வந்தவன் புத்தி அப்படித்தான் இருக்கும் என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும்.

அதனால்தான் நம் பையன்கள் சைக்கிளைத் தொட மாட்டேன் என்கிறார்கள். அவர்களைத் திட்ட நான் தயாரில்லை. தாத்தா உருட்டிய தெருவில் பேரன் புல்லட்டில் சத்தம் போட்டுக்கொண்டு போவது ஆடம்பரம் இல்லை, கணக்குத் தீர்ப்பது. ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். கூலி வாங்குகிற பையன் வண்டித் தவணை கட்ட முடியாமல் நிற்பான். பைனான்ஸ்காரன் வந்து நடுத்தெருவில் சாவியைப் பிடுங்குவான். வண்டியை விட்டு இறங்கச் சொல்கிற ஆள் மாறியிருக்கிறான், அவ்வளவுதான்.

சைக்கிளை ஊக்குவிக்கிறேன் என்கிற அரசின் யோக்கியதை என்ன? 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 100 வீட்டில் ஏறக்குறைய 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. கார் இருந்த வீடு 5கூட இல்லை. ஆனால் 2019 ஆகஸ்டிலிருந்து மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதம், சைக்கிளுக்கு 12 சதம். சைக்கிளுக்கும் 5 சதம் என்று குறைக்க 2025 செப்டம்பர் ஆயிற்று. கொல்கத்தாவில் 2013இல் 174 ரோடுகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் ரோட்டுக்கு இடைஞ்சலாம்.

இந்தக் காரைக்குடியையே பாருங்கள். 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. விடிவதற்கு முன்பே கல்லுக்கட்டியைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் யார், எதில் வருகிறார்கள்? 2001-02இல் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற தலித், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது தமிழக அரசு, பிறகுதான் அது எல்லாருக்கும் என்றானது. நல்ல திட்டம். சைக்கிளில் பள்ளிக்கூடம் போன அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை விரித்துப் போடுகிறது. சைக்கிள் எங்கே? வீட்டுச் சுவரில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கிறது. கடைவீதியில் நிறுத்த இடம் கிடையாது, கடை வாசலில் நிறுத்தினால் முதலாளி சத்தம் போடுவார். கடை அடைத்து வெளியே வர இரவு ஒன்பதரை, ஊர் எல்லை தாண்டினால் விளக்கு இல்லை. வாங்குகிற சம்பளத்தில் ஒரு பங்கு ஷேர் ஆட்டோவுக்கு. இந்தப் பெண்ணைத் திரும்ப சைக்கிளில் ஏற்ற வக்கில்லாத ஊக்குவிப்பு யாருக்கு வேண்டும்?

முடியாத காரியமா? இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பி. சாய்நாத் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கல்லுடைக்கிற பெண்கள், கூலிப் பெண்கள், ஆயாக்கள், நர்சுகள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 70,000 பெண்களுக்கு மேல் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று. நாலு ஊர் கூடுதலாய்ப் போய்ச் சரக்கு விற்றார்கள். நான் அடிக்கோடு போட்ட இடம் ஒன்று: பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுங்கள் என்று அந்தக் கலெக்டர் வங்கிகளிடம் கேட்டார். ஊக்குவிப்பு என்றால் இது. கேலி பேசினவன் வாயையும் அடைக்கும், கையில் காசும் கொடுக்கும்.

ஆகவே, சைக்கிள் பேரணி நடத்துகிற அய்யாமார்களுக்கு: கல்லுக்கட்டியில் கார் நிற்கிற இடத்தில் பாதியைச் சைக்கிளுக்கு விடுங்கள், கூரை போட்டு, காசு வாங்காமல். கடை அடைக்கிற நேரத்துக்குக் கழனிவாசலுக்கும் கோட்டையூருக்கும் போகிற ரோடுகளில் விளக்கு எரியட்டும். துப்புரவுத் தொழிலாளிக்கும் கடைப் பிள்ளைகளுக்கும் வட்டியில்லாமல் சைக்கிள் கடன் கொடுங்கள், அந்த விண்ணப்பங்களை ராத்திரி உட்கார்ந்து நானே எழுதித் தருகிறேன். அடுத்த ஜூன் 3 பேரணியைச் செக்காலை ரோட்டில் வைக்காதீர்கள், அங்கே யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. இறங்கி உருட்டச் சொல்கிற தெருக்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அங்கே வையுங்கள், கலெக்டரும் எஸ்.பி.யும் முன்னால் மிதித்து வரட்டும், சேரிப் பிள்ளைகள் பின்னால் பெல் அடித்துக்கொண்டு வரட்டும். எந்தத் தெரு என்று தெரியாது என்பார்கள். பட்டியல் நம்மிடம் இருக்கிறது.