எழுத்தும் ஓர் ஓவியம்தான்!



ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள ₹ குறியை வரைந்தவர் யார் தெரியுமா? கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். நம்ம தமிழ்நாட்டுக்காரர்! மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு படித்தபோதே 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர். மத்திய அரசு வைத்த போட்டிக்கு 3,000-க்கும் மேல் படங்கள் வந்தன. 2010 ஜூலை 15 அன்று இவருடையது தேர்வானது. இந்தி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

இதைப் படித்ததிலிருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் போர்டைப் படிப்பதற்கு முன் எழுத்தின் வளைவைப் பார்க்கிறேன். கன்னட எழுத்து உருண்டு ஓடுகிறது. நம்ம 'ட', 'ப' மூலையோடு நிமிர்ந்து நிற்கின்றன.

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பாடப் புத்தகத்திலும் செல்போனிலும் உள்ள எழுத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறாரே, அது வேலை இல்லையா?

அதனால் ஒரு வேண்டுகோள். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் அந்த ஒரு பீரியடை மட்டும் எங்களுக்கே விட்டுவிடுங்கள் ஐயா. எழுத்து வரைந்து பழகுகிறோம்.

இந்த இதழின் தலைப்பை எழுதியது நான்தான். மூன்று தடவை அழித்தேன். 'ழ' இன்னும் சரியாக வரவில்லை. அடுத்த மாதம் பாருங்கள்!

– 9ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி