ஆய்வேட்டில் உறங்கும் சிகிச்சை

வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி சென்னைவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. சிக்கிய மாத்திரைகளின் எண்ணிக்கையும் கைதானவர்களின் வயதும் அதில் தவறாமல் இடம்பெறும். அவற்றை வாங்கிக் கரைத்து, ஊசி வழியாக உடலில் ஏற்றிக்கொண்டவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பது மட்டும் இராது. அந்தக் கேள்விக்கு இதே சென்னையில் முன்பே விடை தேடப்பட்டிருக்கிறது.

போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் 1,158 பேரை 2005-06இல் சென்னையில் பதிவு செய்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குத் துணை நின்றனர். அங்கு முனைவர் பட்டம் பெற்ற மருத்துவர் சுனில் சாலமன் இந்த ஆய்வை முன்னெடுத்தவர்களுள் ஒருவர். அந்தக் காலத்துக்குள் 85 பேர் இறந்தனர். எய்ட்ஸைவிட, அளவுமீறிய போதையே அதிக உயிர்களைப் பறித்திருந்தது. அவ்வாறு இறந்தவர்கள் 22 பேர்.

சுனிலின் தாயார் மருத்துவர் சுனிதி சாலமன். 1986இல் அவருடைய வழிகாட்டுதலில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா தம் மேற்படிப்பு ஆய்வேட்டுக்காகத் திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வேடு நூலகத்தில் தூங்கவில்லை. அரசை உடனடியாகப் பரிசோதனைகளில் இறங்க வைத்தது. போதை சிகிச்சை குறித்த ஆய்வுகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

அபின், ஹெராயின், மார்ஃபின், ஆய்வகத்தில் உருவான டிரமடால், டேபென்டடால் ஆகியவை யாவும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தொடர்ந்து உட்கொள்ளும் உடல், மேலும் மேலும் அதிக அளவைத் தாங்கப் பழகுகிறது. திடீரென நிறுத்தினால் தாங்கும் திறன் சில நாள்களிலேயே குறைந்துவிடும். ஏக்கமோ மாதக்கணக்கில் நீடிக்கும். மீட்பு இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வருபவர் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு அடங்கிவிடக்கூடும். நச்சு நீக்கத்தோடு சிகிச்சை முடிந்தது என்று கருதுவது எத்தனை ஆபத்தானது என்பது இதிலிருந்து புரியும்.

இதற்கு மாற்று உண்டு. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய மருத்துவர்கள் 1965இல் மெத்தடோன் மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, நோயாளிகளை வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பச் செய்தனர். பின்னாளில் புப்ரெநார்ஃபின் வந்தது. இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2005இல் சேர்த்தது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, மெத்தடோன் சிகிச்சையில் நீடிப்பவர்களிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 11 இறப்புகள். சிகிச்சையை விட்டு விலகியவர்களிடையே 36.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் உண்டு. அது புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று. புப்ரெநார்ஃபினையே ஊசியில் ஏற்றிப் பலர் சீரழிந்ததை 1990களில் சென்னை கண்டிருக்கிறது. ஆனால், மருந்துக் கடையில் திருட்டுத்தனமாக வாங்கிப் பயன்படுத்துவதும், செவிலியர் முன்னிலையில் நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பதும் ஒன்றல்ல. முன்னது நோய், பின்னது மருத்துவம்.

இந்தச் சிகிச்சை இந்தியாவில் 2007 வாக்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியே பரவலானது. ஆகவே, அது முதன்மையாக ஊசி பயன்படுத்துவோருக்கானதாகவே அமைந்தது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, ஓபியாய்டு பாதிப்பிலிருந்து மீள உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்றது. ஊசி பயன்படுத்துவோரோ 8.5 லட்சம் பேர்தான். மாத்திரையை விழுங்கும் இளைஞர், ஊசிக்கு மாறிய பிறகுதான் நம் கண்ணில் படவேண்டுமா?

டிரமடால் 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இப்போது டேபென்டடால் சிக்குகிறது. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று வருகிறது. பாதிக்கப்பட்டவர் மட்டும் மாறுவதில்லை. டேபென்டடாலுக்கு அடிமையானவர்களுக்கு எந்த மருந்து, எந்த அளவில், எவ்வளவு காலம் தரவேண்டும்? பாதியில் ஏன் விலகுகிறார்கள்? பெண்கள் ஏன் வருவதே இல்லை? நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய தலைப்புகள் இவை. அரசு மருத்துவமனைகளில் தமிழக அரசு 2025இல் தொடங்கிய 25 'கலங்கரை' மையங்களே இவற்றுக்கு உகந்த ஆய்வுக்களம்.

நான் வசிக்கும் மேற்கு மாம்பலம் ஒருகாலத்தில் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பெயர்போனது. இந்தப் பகுதியில் சம்பந்தம் செய்யவே தயங்கினார்கள் என்று முதியவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். நோயாளியை ஏசியதால் அந்நோய் பின்வாங்கவில்லை. கிருமி இரவில்தான் இரத்தத்தில் உலவும் என்று ஆய்வு சொன்னது. அதன்படி இரவில் இரத்தம் எடுத்துச் சோதித்து மாத்திரை கொடுத்தார்கள். ஆராய்ச்சியும் கள ஊழியரும் ஒன்றுசேர்ந்தபோது நோயோடு அவப்பெயரும் விலகியது.

சிகிச்சையைத் தாமே நாடி வருவோருக்கு, சிறிய அளவிலான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64-ஏ பிரிவு 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் காவல் நிலையங்களிலும் பள்ளி, கல்லூரிகளிலும் அறியச் செய்ய வேண்டும். மாத்திரை உட்கொள்வோருக்கும் தொடர் மருந்து கிடைக்க வேண்டும். மூச்சடங்கும் நிலையில் உயிர் காக்கும் நலாக்சோன் மருந்து எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மகனின் பழக்கம் தெரியவந்த அன்று ஒரு தாய், காவல் நிலையத்தை நினைத்து அஞ்சாமல் அரசு மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் செல்ல முடிந்தால்தான், இத்தனை ஆய்வுகளும் நடந்ததற்குப் பொருள் உண்டு.