லிங்கத்துக்கு மருத்துவம், கருப்புக்கு மனநோயா?

1990களில் சன் டிவியில் 'மர்மதேசம்' பார்த்துவிட்டு, விளக்கை அணைக்கப் பயந்தவர்கள் ஏராளம். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. யூட்யூப்பில் இன்றைக்கும் அதற்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் பயம் தெளிந்தபின் யோசித்தால், அதற்குள் ஒரு அரசியலும் இருப்பது தெரியும்.

'ரகசியம்' கதையில் அதிசயம் இருப்பது சிவன் கோயிலின் நவபாஷாண லிங்கத்தில். அதற்கு விளக்கம், சித்தர்களின் மருத்துவ அறிவு. 'விடாது கருப்பு' கதையில் குதிரையேறி வந்து தப்பு செய்தவர்களைத் தண்டிப்பது ஊர்க் காவல் தெய்வம். அதற்கு விளக்கம், ஒரு மனிதனின் பிளவுபட்ட மனம். (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்!) ஆக, பெரிய கோயில் சாமி என்றால் விஞ்ஞானம், எல்லைச் சாமி என்றால் வியாதி.

மனநோயை மனநோய் என்று சொன்னது நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2001இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பிரார்த்தனையால் குணமாகும் என்று நம்பி அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். மருத்துவம் தேவைப்படும் இடத்தில் மருத்துவம்தான் வேண்டும்.

ஆனால் சாமி வருவதெல்லாம் நோயா? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் மற்ற வட மாவட்டங்களிலிருந்தும் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தங்குகிறார்கள். விடியற்காலையில் மணலிலேயே படி கட்டி, கடலில் இருக்கும் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். சாமி வந்து ஆடுபவர்களிடம் குறி கேட்கிறார்கள். கல்யாணமும் அங்கேயே நடக்கிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீண்டவர்கள் இந்தச் சமூகத்தில் உண்டு. சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடும் இடம் அது. இதற்கு எந்த டாக்டர் மருந்து எழுதித் தருவார்?

பக்கத்திலேயே பல்லவர் கட்டிய கடற்கரைக் கோயில். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கல் கோயிலை டிக்கெட் வாங்கி ரசிப்பவர்களுக்கு மணல் கோயில் வெறும் வேடிக்கை. சீரியலில் இருந்த அதே பார்வை!

பகுத்தறிவோடு கேள்வி கேட்பதென்றால் லிங்கத்தையும் கேட்க வேண்டும், கருப்பையும் கேட்க வேண்டும். மதிப்பதென்றால் இரண்டையும் மதிக்க வேண்டும். ஆளைப் பார்த்து அளவுகோலை மாற்றினால் அது பகுத்தறிவு இல்லை, பழைய சாதிப் புத்திதான்.