வயரை யார் சொருகுவது?

வீட்டில் இசைப்பதிவு செய்வது பற்றி நம் சூழலில் இரண்டு பேச்சுகள்தான் உண்டு. ஒன்று, "எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம், எந்த மைக் நல்லது?" இன்னொன்று, "கருவில என்ன இருக்கு பாஸ், கலைதான் முக்கியம்." முதலாவது கடைக்காரரின் பேச்சு. இரண்டாவது நம் பேச்சு, அதாவது இலக்கியம் படிப்பவர்களின் பேச்சு. இரண்டு தரப்பும் ஒரே வேலையிலிருந்துதான் நழுவுகின்றன. வாங்கிய பெட்டியைக் கணினியோடு ஒழுங்காக இணைத்து, உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று காது கொடுத்துக் கேட்கிற வேலை அது. அந்த வேலையைச் செய்யாததால் யார் தலை உருளுகிறது என்பதுதான் என் கேள்வி.

சில வருடங்களுக்கு முன் செய்யாறு பக்கமிருந்து ஒரு கூத்துக் கலைஞரைச் சென்னையில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். முகவீணை வாசிப்பவர், எழுபதை நெருங்கியவர். மிருதங்கத்தை முந்தைய வாரமே பதிவு செய்து வைத்திருந்தேன். அவருக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, அதைக் கேட்டபடி வாசிக்கச் சொன்னேன். இரண்டு ஆவர்த்தனம் போவதற்குள் தாளம் பின்வாங்கியது. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி பின்வாங்கியது. நான்காவது தடவை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வயசாயிடுச்சு தம்பி. கை வர மாட்டேங்குது. மன்னிச்சுக்க."

அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மென்பொருளில் பஃபர் அளவு 1024 என்று இருந்தது. அவ்வளவுதான்.

கணினி ஒலியைத் தண்ணீர்க் குழாய் போல ஒழுகவிடுவதில்லை, குடம் குடமாகத் தூக்குகிறது. ஒரு குடத்துக்கு எத்தனை மாதிரிகள் என்பதே பஃபர். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது 1024 மாதிரிகள் நிறைய 21 மில்லிநொடி ஆகும். உள்ளே போக ஒரு குடம், வெளியே வர ஒரு குடம். ஆக அவர் ஊதிய சத்தம் அவர் காதுக்குத் திரும்ப 40 மில்லிநொடிக்கு மேல். அந்த நேரத்தில் காற்றில் ஒலி ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடும். கூத்து மேடையில் மிருதங்கக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் இடையே ஒரு கை தூரம்தான் இருக்கும். நான் அவரைத் தெருக்கோடியில் நிற்கவைத்துத் தாளத்தோடு வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதற்குத் தீர்வு காசு கொடுத்து வாங்குவதில்லை. பஃபரை 128க்கு இறக்கியிருக்கலாம். இன்னும் எளிது, என் இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே இருந்த டைரக்ட் மானிட்டர் பொத்தான். அதை அழுத்தினால் மைக்கிலிருந்து வரும் ஒலி கணினிக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அந்தப் பொத்தானை நான் அதுவரை தொட்டதே இல்லை. பொறியியல் பட்டம், பத்து வருட மென்பொருள் வேலை, எல்லாம் இருந்தும் மன்னிப்புக் கேட்டவர் அவர்.

அன்று நான் செய்த இரண்டாவது தப்பு கெயின். "சும்மா கொஞ்சம் ஊதிக் காட்டுங்க ஐயா" என்றேன். அவர் மரியாதையாக, மெதுவாக ஊதினார். அதற்கேற்ப குமிழைத் திருகி வைத்தேன். உண்மையில் வாசிக்கத் தொடங்கியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. "மிக்ஸ்ல பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டேன். பார்த்துக்கொள்ள முடியாது. டேப்பில் அளவு மீறினால் அலையின் முனை மெல்ல மழுங்கும், சிலர் அதை விரும்பவும் செய்வார்கள். டிஜிட்டலில் பூஜ்ஜியம் டெசிபல் ஒரு சுவர். மீறிய பகுதி வெட்டுப்படும், வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று கோப்பிலேயே இருக்காது. 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நின்றாலும் எதையும் இழக்கமாட்டோம். இடம் தாராளமாக இருந்தது. எனக்குப் பொறுமைதான் இல்லை.

இங்கே என் சண்டை ஆரம்பிக்கிறது. முகவீணை, பறை, தவில் எல்லாம் இணையத்தில் எப்படிக் கேட்கின்றன? பெரும்பாலும் கிழிந்துதான் கேட்கின்றன. மைக்கை வாத்தியத்தின் வாயில் திணித்து, கெயினை முழுதாகத் திறந்து, சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் எடுத்த பதிவுகள். அதைக் கேட்டுவிட்டு நாம் கட்டுரை எழுதுகிறோம்: கரடுமுரடான அழகு, மண்ணின் முரட்டுக் குரல், செவ்வியலின் மெருகை மறுக்கும் ஓசை. தோழர்களே, பல நேரங்களில் அது கிளிப்பிங். சபாவில் பாடுபவருக்கு ஒலிச்சோதனை உண்டு, அவர் முகம் சுளித்தால் ஓடிவர ஆள் உண்டு. கூத்துக்காரருக்கு நம் அவசரம் மட்டும்தான். நம் சோம்பேறித்தனத்தை அவர் வாத்தியத்தின் குணமாக ஆக்கி, அதையே பாராட்டியும் விடுகிறோம். இதைவிட நுட்பமான அவமரியாதை எனக்குத் தெரிந்து இல்லை.

கடைக்காரர் தரப்புக்கு வருவோம். அவர் விற்பது எண்கள். நொடிக்கு 192,000 மாதிரி! ஆனால் 44,100 மாதிரிகளே 22,000 ஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடும். மனிதக் காதின் எல்லை 20,000. வயதாக ஆக அதுவும் குறையும். மின்விசிறி சுற்றுகிற, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிற, நான்கு பக்கமும் வெறும் சுவரும் தரை ஓடுமாக இருக்கிற அறைக்கு 192 எதற்கு? அந்த விசிலை இன்னும் துல்லியமாகப் பிடிக்கவா? அதே காசில் இரண்டு தடித்த போர்வை வாங்கிக் கொடியில் தொங்கவிட்டால் பதிவு நிஜமாகவே மாறும். அதைச் சொன்னால் அவர் வியாபாரம் நடக்காது.

சரி, அப்போது "கருவி முக்கியமில்லை" என்பவர்கள் சொல்வது சரிதானே? அவர்களுக்குப் பிடித்த உதாரணம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. 1982இல் வெளியான தொகுப்பு. வீட்டில், நான்கு தட கேசட் ரெக்கார்டரில், இரண்டு சாதாரண மைக்குகளை வைத்து எடுத்தது. உண்மைதான். ஆனால் அந்த ரெக்கார்டரை அமைத்து இயக்க மைக் பாட்லன் என்கிற கிட்டார் டெக்னீஷியன் கூடவே இருந்தார். அந்தக் கேசட்டை இசைத்தட்டாக மாற்றப் பொறியாளர்கள் திணறினார்கள். பில்லி ஐலிஷின் 2019 தொகுப்பு அண்ணனின் படுக்கையறையில் உருவானது என்று சொல்லிச் சிலிர்க்கிறோம். அதன் கலவையையும் மாஸ்டரிங்கையும் செய்த தனித்தனி ஆட்களைச் சொல்வதில்லை. தனிமையில் பிறந்த மேதைமை என்ற கதைக்கு வயர் பிடித்தவர் இடைஞ்சல். ஆகவே கதையிலிருந்து அவரை வெட்டிவிடுகிறோம்.

என் தொழில் மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. இந்த மென்பொருள்கள் பலவற்றில் புதிய கோப்பைத் திறந்தால் 120 பிபிஎம், நான்குக்கு நான்கு, முன்பே நிரப்பிய கட்டங்கள். எங்களைப் போன்றவர்கள் எழுதிவைத்த இயல்புநிலைகள் இவை. யாருக்கு இயல்பு என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. பெரியவர் ஹெட்போனில் மெட்ரோனோம் சத்தமும் கேட்டிருக்கிறது. "இந்த டிக் டிக் யாருக்குப்பா?" என்று கேட்டார். அணைக்க மறந்துபோனது. யாருக்கும் இல்லை.

வீட்டில் பதிவு செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிட்டாரை லேப்டாப்பின் மைக் துளையில் சொருகிவிட்டு "சத்தம் மந்தமா இருக்கே" என்று கிட்டாரைத் திட்டாதீர்கள். அதன் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவுக்கு உயர் மின்மறுப்புள்ள உள்ளீடு வேண்டும், இன்டர்ஃபேஸில் அதற்கென்றே துளையோ பொத்தானோ இருக்கும். கன்டென்சர் மைக் ஊமையாக இருந்தால் 48 வோல்ட் போட்டீர்களா என்று பாருங்கள். உர்ர் என்று இரைந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதோடு போய்விடும். எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்கிறவர் இரைச்சலோடு ஆளையும் தீர்க்க வழி சொல்கிறார், கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தவர் வரும் முன் நீங்களே ஹெட்போனை மாட்டி, நீங்களே ஒரு பாட்டைப் பாடிப் பாருங்கள். அவர் காதில் என்ன விழப்போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவரை மைக் முன்னால் உட்காரவைக்க நமக்கு உரிமை இல்லை.

தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஊருக்கே போனேன். மறுபடி எடுக்கலாம் ஐயா, அன்றைக்குத் தப்பு என்னுடையது, மெஷினில் ஒரு அமைப்பு மாறியிருந்தது என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் மூன்று இல்லை. சீவாளியைப் பிடிக்கப் பல் வேண்டும்.

"அப்ப கை நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு ஐயா."

"அதச் சொல்ல இவ்ளோ தூரம் வந்தியா," என்று சிரித்தார். டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

என்னிடம் இருப்பது கிழிந்த பதிவு ஒன்று. பதினோரு நிமிடம். அதை யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. கரடுமுரடான அழகு என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.