காசு கொடுத்து உட்கார்ந்த திண்ணை

எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம் நிறைந்ததற்கு, பெரியவன் தன் முதல் சம்பளத்தில் ஒரு பரிசு தந்தான். புதுச்சேரியில் 'பூட்டிக் ஹோட்டல்' ஒன்றில் இரண்டு நாள் தங்கல்! பூட்டிக் என்றால் ஜாக்கெட் தைக்கிற கடை என்றுதான் எனக்குத் தெரியும். "இல்லேம்மா, பழைய வீட்டைச் சீர்பண்ணி, ஏழெட்டு ரூம் மட்டும் வெச்சு நடத்தற ஹோட்டல்" என்று விளக்கினான்.

மாமியாரைத் தனியே விட்டுப் போக மனசு வரவில்லை. 76 வயது. போன வருடம் ஐப்பசி மழையில், ராத்திரி கொல்லைக் கக்கூஸுக்குப் போகும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அன்றிலிருந்து என் கணவர், கிராமத்து வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று பிடிவாதமாக இருந்தார். சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது வேறு. தை மாதம் இடிப்பதாக ஏற்பாடு. "என் காலத்துக்கப்புறம் இடிச்சுக்கோயேன்டா" என்று அத்தை ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அவரையும் அழைத்துக்கொண்டு ஆவணியில் புறப்பட்டோம்.

புதுச்சேரியை 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்களாம். 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டிக்கொண்டு, 1954 வரை ஆண்டார்கள். கடற்கரைப் பக்கம் அவர்கள் குடியிருந்த பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்கள். எங்கள் ஹோட்டல் இந்தத் தமிழ்ப் பகுதியில்தான் இருந்தது. கீழ்க்கட்டு முழுக்க நம் வீடு. மாடி மட்டும் வளைவு ஜன்னல்களோடு பிரெஞ்சுப் பாணி. டூப்ளே துரையிடம் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இதே மாதிரிக் கலவைதான்.

வாசலில் தாழ்வாரம், திண்ணை, மரத்தூண். உள்ளே போனால் நடை, முற்றம், கூடம். அத்தை ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"இதுக்கா இவ்வளவு வாடகை? நம்ம வீட்டையும் இப்படித்தானே கட்டியிருக்கு! அதை இடிச்சுட்டு, இங்க வந்து காசு குடுத்து உட்காரணுமா?"

இவர் பதில் பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியான வெயிலில்கூட முற்றத்தை ஒட்டிய கூடம் குளுகுளுவென்றிருந்தது. சூடான காற்று முற்றத்து வழியாக மேலே போய்விட, வாசல் பக்கமிருந்து புதுக்காற்று வருகிறது. கனத்த செங்கல் சுவர் வேறு வெயிலைச் சீக்கிரம் உள்ளே விடுவதில்லை.

மறுநாள் காலை பின்கட்டில் ஒரு மேஸ்திரி சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சுவரின் நிலையைச் சொன்னேன். "சிமெண்டு பூசினீங்களாம்மா?" என்றார். ஆமாம், மாமனார் காலத்தில் பூசியதுதான்! "சுண்ணாம்புல கட்டின சுவர் மூச்சு விடணும். மேலே சிமெண்டு பூசினா உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வராது. சிமெண்டைச் சுரண்டிட்டு, நல்லாக் காயவிட்டு, திரும்பச் சுண்ணாம்புக் காரையே பூசுங்க" என்றார். பின்னால் நின்ற இவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் இவருக்குக் காட்டினேன். எங்கள் அறையின் மூலையில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, உள்ளேயே கக்கூஸும் குளியலறையும் வைத்திருந்தார்கள். நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ், வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி. அந்த இரண்டு ராத்திரியும் அத்தை யாரையும் எழுப்பாமல் தானே போய் வந்தார்.

நீங்களும் இப்படிப்பட்ட பழைய வீட்டு ஹோட்டலுக்குப் போவதானால், சில விஷயங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்:

* மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கலாம். முதியவரோ கைக்குழந்தையோ கூட வந்தால் கீழ் அறையாகக் கேளுங்கள்.

* திறந்த முற்றம் மழையில் வழுக்கும். ஓடியாடும் பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

* நிலை தாழ்வாக, வாசற்படி உயரமாக இருக்கும். தலையும் பத்திரம், காலும் பத்திரம்!

* கொசுவலை உண்டா, காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்த்தியா என்று கேட்டு அறையை எடுங்கள்.

தை பிறந்து பத்து நாளாகிறது. இடிக்கும் ஆட்கள் வரவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரிதான் வந்திருக்கிறார். முதலில் அத்தையின் அறைக்கு ஒரு கக்கூஸ், பிறகுதான் சுவர் என்று இவரே சொல்லிவிட்டார். சிமெண்டு சுரண்டிய சுவர் ஒன்று இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது. அத்தை தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் இருக்குடி" என்கிறார்.